பதினோரு கிட்டார்களும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் நண்பர் இறந்து மூன்று மாதம் ஆனபோது அவருடைய மனைவி என்னை அழைத்தார். வீட்டில் பதினோரு கிட்டார்கள் இருந்தன. "இதில் எது என்னவென்றே எனக்குத் தெரியாது அண்ணா. நீங்களே பார்த்து விற்றுக் கொடுங்கள்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பொறுப்பு வந்து சேரலாம்.

கிட்டார்கள் சுவரோரம் அப்படியே நின்றன. ஆனால் எதை யாரிடம் வாங்கினார், எதில் எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. அவர் எதையும் எழுதிவைக்கிற ஆள் இல்லை. அதனால் விற்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரு கிட்டாருக்கு ஒரு பக்கம்.

கிட்டாரே நிறையச் சொல்லும், பார்க்கத் தெரிந்தால். மார்ட்டின் நிறுவனத்தின் கிட்டார் என்றால் ஒலித்துளை வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்து வந்து சேருகிற மரக்கட்டையில் வரிசை எண் இருக்கும். 1898 முதல் அங்கேதான் பொறிக்கிறார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய கிட்டாரில், கழுத்தை உடலோடு திருகிப் பிணைக்கிற உலோகத் தகட்டில் இருக்கும். எழுபதுகளின் நடுவில் அது தலைப்பகுதிக்கு மாறியது. கிப்சன் நிறுவனத்தின் கிட்டாரில் 1977 முதல் பல ஆண்டுகளுக்கு எட்டு இலக்க எண். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. நடுவில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. நண்பரின் கிப்சனில் எண் 82765 என்று தொடங்கியது. 1985ஆம் ஆண்டின் 276ஆவது நாள், அதாவது அக்டோபர் 3. அதைக் கணக்குப் போட்டு எழுதியபோது, இதை அவரிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தகட்டைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்டிவிடலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தையும் பார்க்க வேண்டும். அதில் 1377512 என்று இருந்தால், 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 75 என்பது 1975, 12 என்பது வாரம். கிட்டாரின் வயதுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பாகமோ வேறெதுவோ மாறியிருக்கலாம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கி விற்கலாம் என்று நினைக்காதீர்கள். தேய்ந்து வெளுத்த பழைய பூச்சுக்கு இருக்கிற மதிப்பு, புதிதாக அடித்த பூச்சுக்கு இல்லை. அலமாரியில் ஒரு தகர டப்பா நிறையத் துருப்பிடித்த திருகுகளும் பழைய முறுக்காணிகளும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற இரண்டு பிக்கப்களும் கிடந்தன. வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் அதைக் குப்பையோடு வைத்திருந்தார்கள். அவை நண்பர் கழற்றி வைத்த அசல் பாகங்கள். திருகுத் துளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, எது எந்தக் கிட்டாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரம் வீண் இல்லை. அசல் பாகங்களோடு போன கிட்டாருக்கு நல்ல விலை வந்தது. நான் உடனே கை வைத்த ஒரே விஷயம், ஒலிபெருக்கியோடு இணைக்கிற வசதி உள்ள அக்கூஸ்டிக் கிட்டார்களுக்குள் இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரிகள். அவை கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.

ஒரு கிட்டாரின் தலைப்பகுதி எப்போதோ உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. தலை பின்னால் சாய்ந்த வகைக் கிட்டார், நின்ற இடத்திலிருந்து சரிந்து விழுந்தாலே அங்கே முறியும். ஒட்டு வேலை அருமை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். விற்பனைக் குறிப்பில் அதையே முதல் வரியாக எழுதினேன். விலை நன்றாகவே குறைந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில் விற்கிறோம், பின்னால் யாரும் அவர்களைத் தேடி வந்து கேள்வி கேட்கக் கூடாது.

விலையைப் பொறுத்தவரை, கேட்கிற விலையை நம்பாமல், விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பார்த்தேன். மொத்தமாகக் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடியும், ஆனால் அவர் தன் லாபத்தைக் கழித்துத்தான் கொடுப்பார். எது வேண்டும் என்று நண்பரின் மனைவியிடமே கேட்டேன். "அவசரம் இல்லை" என்றார். ஒரு பழைய கிட்டாரின் பின்பலகை பிரேசிலிய ரோஸ்வுட். அந்த மரத்துக்கு 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கேட்டவருக்கு மறுத்து, உள்நாட்டிலேயே விற்றோம்.

எனக்கும் ஒரு கிட்டார் மேல் ஆசை இருந்தது. இருபது வருடம் நண்பர் கையில் கேட்ட கிட்டார். விலை சொல்கிறவனே வாங்குகிறவனாக இருந்தால் சரியில்லை என்று விட்டுவிட்டேன். அதை விட்டது இன்னும் வலிக்கிறது.

அப்புறம், ஒரு கிட்டார் பெட்டிக்குள் இருந்த தோள்வாரில் வேறு ஒருவர் பெயரின் முதலெழுத்துகள். நண்பர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். ஒருவர் மெல்ல, "அது என்னுடையது, ஆறு வருடம் முன்னால் இரவல் கொடுத்தேன். இந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கிட்டாரின் பக்கத்தில் விலை எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இன்னொன்றை மகள் வைத்துக்கொண்டாள். மீதி ஒன்பதும் ஐந்து மாதத்தில் விற்றன.

கணக்கையும் நோட்டுப் புத்தகத்தையும் நண்பரின் மனைவியிடம் ஒப்படைத்தேன். அவர் தொகைகளைப் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்து, ஏழாம் பக்கத்தில் நிறுத்தினார். அது அந்த ஒட்டுப்போட்ட கிட்டார்.

"இவர் வாசிக்கிறாரா அண்ணா, இல்லை மாட்டி வைத்திருக்கிறாரா?"

அங்கேயே உட்கார்ந்து அதை வாங்கியவருக்குப் போன் செய்தேன். எதுவும் பேசாமல், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் வாசித்துக் காட்டினார்.

நன்றி, வணக்கம்.