தி ஹேக் நகரம் வரை சென்ற ஒரு வகுப்பறைக் கேள்வி

[திரையில்: பசிபிக் பெருங்கடல் வரைபடம், வனுவாட்டு]

வனுவாட்டு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்தை, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் அமைந்த ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் கொண்டுசெல்லுமாறு 2019-ஆம் ஆண்டில் பசிபிக் தீவு அரசுகளை வலியுறுத்தத் தொடங்கினர்.

ஆண்டுதோறும் ஐ.நா. காலநிலை மாநாடு கூடும்போது நீதிமன்றம் எதற்கு? அம்மாநாட்டில் எல்லா நாடுகளும் இசைந்தால்தான் முடிவு பிறக்கும் என்பதால், ஓரிரு நாடுகள் பிடிவாதம் பிடித்தாலே தீர்மானத்தின் வாசகம் நீர்த்துவிடுகிறது. காலநிலை குறித்து நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் 2015-இல் அத்துடன் ஏற்கப்பட்ட தீர்மானமோ, அப்பிரிவை வைத்து எவரும் இழப்பீடு கோர இயலாது என்று கதவை அடைத்துவிட்டது.

[திரையில்: ஐ.நா. பொதுச்சபை]

மாணவர்கள் நேரடியாக அந்த நீதிமன்றத்தை அணுக முடியாது, ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்புகளே அதன் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம். பலாவ் நாடு முன்பே இதே முயற்சியில் இறங்கிக் கைவிட்டிருந்தது. இம்முறை வனுவாட்டு அரசு பொறுப்பேற்க, 2023 மார்ச் 29 அன்று 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. எந்த நாட்டையும் குற்றவாளியாகச் சுட்டாமல், அரசுகளின் கடமைகள் யாவை, அவற்றை மீறினால் சட்ட விளைவுகள் யாவை என்று மட்டும் கேட்டதே இதன் சாமர்த்தியம் என்பேன். பெயர் சொல்லியிருந்தால் இத்தனை நாடுகள் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

[திரையில்: தி ஹேக், அமைதி மாளிகை]

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது. பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்கும் இலக்கை ஒவ்வொரு நாடும் தன் விருப்பம்போல் நிர்ணயித்துக்கொள்ள இயலாது, அது புவி வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த உதவும் தரத்தில் அமைய வேண்டும் என்றது. புதைபடிவ எரிபொருள் எடுக்க உரிமம் வழங்குவதும் அதற்கு மானியம் அளிப்பதும்கூட ஓர் அரசின் சட்டமீறலாகக் கருதப்படலாம் என்றும் கூறியது.

இக்கருத்து எவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நடைமுறையிலுள்ள சட்டம் இன்னதென்று உலகின் உயரிய நீதிமன்றமே விளக்கிவிட்டதால், பேச்சுவார்த்தை மேசையில் சிறிய நாடுகள் இனி இரந்து கேட்க வேண்டியதில்லை. இழப்பீடு கோர, குறிப்பிட்ட சட்டமீறலுக்கும் நேர்ந்த சேதத்துக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே நிறுவ வேண்டும். அந்தக் கடினமான பணி இன்னும் மிச்சமிருக்கிறது.