அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சத்து மாத்திரை வாங்கும்போது விலை குறைந்ததை வாங்குவதா, கூடியதை வாங்குவதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். 31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றவள் நான். எனக்கு இது தலைப்பு இல்லை, பழைய ஆதங்கம்.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். சாயங்காலம் ட்யூட்டி முடிந்து போகும்போது மரத்தடியில் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். வேப்பம்பூ என்று நினைத்துவிடாதீர்கள். பி காம்ப்ளக்ஸ். நான் எண்ணி எண்ணிக் கொடுத்த மாத்திரை. அந்த வாசனை உங்களுக்கெல்லாம் தெரியும், டப்பாவைத் திறந்தாலே மூக்கில் ஏறுமே, அதே வாசனை மரத்தடியில். ஒரு நாள் வீசிக்கொண்டிருந்த ஒரு அம்மாவையே கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். "சும்மா குடுக்குற மாத்திரை எங்கம்மா கேக்கும்?" என்றார். நேராக எதிர் மெடிக்கலுக்குப் போய், இரண்டு கலரில் பளபளவென்று இருக்கும் கேப்ஸ்யூலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதில் இருந்ததும் அதே பி வைட்டமின்கள்தான்.

எங்கள் ஜன்னலுக்கு வந்த மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும். 1994இல் தொடங்கியது. பரிசோதனைக்கூடத்தில் பார்த்த பிறகுதான் மருந்து ஆஸ்பத்திரிக்கு வரும். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமும் மரத்தடி மஞ்சளாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் தெரு ஹெட்மாஸ்டர் கதைக்கு வருகிறேன். உறையூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். முட்டி வலி. டாக்டர் கால்சியம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் காலை காபி நேரத்தில் வந்து, மூன்று அட்டையை மேஜையில் வரிசையாக வைத்தார். "ஏம்மா, இதுல எது அசல், எது டூப்ளிகேட், சொல்லு பார்ப்போம்."

முதல் அட்டை, அவர் வழக்கமாக வாங்கும் பெரிய கம்பெனி சரக்கு. மூன்றிலும் அதுதான் விலை கூட. இரண்டாவது, மெடிக்கலில் பையன் எடுத்துக் கொடுத்தது. "அதே மருந்துதான் சார், முப்பது பர்சென்ட் தள்ளித் தர்றேன்" என்றானாம். மூன்றாவது, மருமகள் மக்கள் மருந்தகத்தில், அதாவது மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் மலிவு விலை மருந்துக் கடையில் வாங்கி வந்தது. அதன் விலையைப் பார்த்துத்தான் சாருக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. "இந்த விலைக்கு சுண்ணாம்புதாம்மா குடுப்பான்!"

நான் சொன்னேன், சார், மூன்றுமே சுண்ணாம்புதான். கால்சியம் கார்பனேட் என்றால் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது. அதில் போய் அசல் என்ன, டூப்ளிகேட் என்ன? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

வானொலியில் உங்களுக்குக் காட்ட முடியாது. அதனால் வீட்டில் ஒரு அட்டை இருந்தால் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இருப்பது பெயர். விளம்பரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், இல்லாவிட்டால் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சாருடைய முதல் அட்டையின் பின்பக்கம்: கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம், அதில் கால்சியம் மட்டும் 500 மில்லிகிராம், வைட்டமின் டி3 250 யூனிட். மூன்றாவது அட்டை, அந்த மலிவு அட்டை, அதிலும் அட்சரம் பிசகாமல் அதே கணக்கு. இரண்டாவது அட்டைக்கு முன்பக்கம் கொட்டை எழுத்தில் 500 என்று போட்டிருந்தது. திருப்பினால் கால்சியம் கார்பனேட் 500 மில்லிகிராம். அவ்வளவுதான். கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பதுதான் கால்சியம். அப்படியானால் அந்த மாத்திரையில் இருப்பது எவ்வளவு?

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் விடுவாரா? "இருநூறு!" என்று காபி டம்ளரைத் தட்டி வைத்தார். "அப்ப ஒரு மாத்திரை போட வேண்டிய இடத்துல ரெண்டரை மாத்திரை போடணும். முப்பது பர்சென்ட் தள்ளுபடின்னு ரெண்டரை மடங்கு வாங்க வச்சிருக்கான்!" பையன் மேல் தப்பில்லை, அவனுக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் கடைக்காரர்களுக்கு ஒன்று தெரியும். சில மாத்திரைகளில் அச்சடித்த விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முப்பது பர்சென்ட் தள்ளினாலும் அவருக்குக் கட்டுப்படியாகும். தள்ளுபடி கூட என்றால் மாத்திரை மலிவு என்று அர்த்தமில்லை.

இன்னொன்றும் பாருங்கள். பின்பக்கத்தில் தயாரிப்பவர் யார், விற்பவர் யார் என்று இரண்டு விலாசம் இருக்கும். விற்பவர் பெரிய கம்பெனி. தயாரிப்பவர் பெரும்பாலும் இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊர், இல்லாவிட்டால் ஹரித்வார். ஒரே தொழிற்சாலை பத்து கம்பெனிக்கு மாத்திரை அடித்துக் கொடுக்கும். சாருடைய முதல் அட்டையும் மூன்றாவது அட்டையும் ஹரித்வாரில் ஒரே தொழிற்பேட்டையிலிருந்து வந்தவை. மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? "அளவு சரி. கரையுமா?" என்று அடுத்த கேள்வி. அது நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உறை போடாத மாத்திரை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும், மெல்லிய உறை போட்டதென்றால் 30 நிமிடம் என்பது இந்திய மருந்துத் தர நூலின் கணக்கு. அதற்கு மெஷின் உண்டு. வீட்டில் மெஷினுக்கு எங்கே போவது? சாதாரண கால்சியம் கார்பனேட் மாத்திரைக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. வினிகர். மளிகைக் கடையில் வாங்கி வந்து மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றி, டம்ளருக்கு ஒரு மாத்திரை போட்டோம். அவ்வப்போது ஸ்பூனால் லேசாகக் கலக்கிவிட வேண்டும், நசுக்கக் கூடாது. சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார், பரீட்சை ஹால் மாதிரி.

முதல் டம்ளரில் மாத்திரையின் மேல்தோல் உரிந்து மிதந்தது, பிறகு பொசபொசவென்று நுரைத்தது. மூன்றாவது டம்ளரிலும் அப்படியே. அரை மணிக்குள் இரண்டும் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரி வெளுத்து, அடியில் கொஞ்சம் மாவு. இரண்டாவது டம்ளரில் அந்தத் தள்ளுபடி மாத்திரை, காவிரிக் கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நாலைந்து குமிழி, அவ்வளவுதான். சாயங்காலம் வரை வைத்திருந்தோம். அசையவில்லை.

இதை வைத்து எல்லா மாத்திரையையும் எடை போட்டுவிடாதீர்கள். கேப்ஸ்யூலுக்கும், மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரைக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. சாருடைய மூன்று அட்டையில் கேலிக்கு ஆளான மலிவு அட்டை தேறியது, விலை கூடியதும் தேறியது, நடுவில் இருந்தது கோட்டை விட்டது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான். விலையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஆனால் சார் போகும்போது படியில் நின்று ஒன்று சொன்னார். "எல்லாம் சரிம்மா. ஆனா அந்த விலை கூடின மாத்திரை போட்டாத்தான் முட்டி கேக்குது." சிரிக்காதீர்கள். 2008இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 82 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பாதிப் பேரிடம் இதன் விலை இரண்டரை டாலர் என்றார்கள், மீதிப் பேரிடம் பத்து சென்ட் என்றார்கள். கையில் லேசாக ஷாக் கொடுத்து வலி எப்படி என்று கேட்டால், விலை கூட என்று கேட்டவர்களில் 85 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள், மலிவு என்று கேட்டவர்களில் 61 சதவீதம். இரண்டும் ஒரே வெறும் மாத்திரை! வேப்பமரத்தடியில் பார்த்த அம்மாவை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சார் இப்போது மக்கள் மருந்தகத்தில்தான் வாங்குகிறார். வாங்கி வந்து, பழைய கம்பெனி டப்பாவுக்குள் போட்டு வைத்துக்கொள்கிறார். முட்டி கேட்கிறதாம்.

அப்படியென்றால் விலை கூடியது எப்போதும் வீணா? இல்லை. தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு வயிற்றில் அமிலம் குறைவு, கார்பனேட் சரியாகக் கரையாது. அவர்களுக்கு டாக்டர் கால்சியம் சிட்ரேட் எழுதினால் அதற்குக் காரணம் இருக்கிறது, விலையும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கார்பனேட் போடுகிறவர்கள் சாப்பிட்ட கையோடு போடுங்கள்.

பிறகு அந்த அமெரிக்கா பாட்டில். மகனோ மகளோ வரும்போது சூட்கேஸில் மூன்று பாட்டில். அதில் வைட்டமின் டி 25 மைக்ரோகிராம் என்று இருக்கும், இங்கே வாங்குவதில் 1000 யூனிட் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். நம் ஊரிலும் சில பாட்டிலில் மருந்து உரிம எண் இருக்காது, 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு எண் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் அச்சடித்திருக்கும். அது சட்டப்படி உணவுப் பொருள். அரசு மருந்துகளுக்கு வைக்கும் உச்ச விலை அதற்குக் கிடையாது. சத்து அதேதான், விலை மட்டும் அவர்கள் இஷ்டம். திருப்பிப் பார்த்தால்தானே தெரியும்?

சிறுநீர் மஞ்சளாகப் போனால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அது உடம்புக்கு வேண்டாத பி2 வெளியே போகிற நிறம். விலை கூடிய மாத்திரை என்றால் காசும் அதோடு போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. வைட்டமின் டி 60,000 யூனிட். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்று போட்டுக்கொண்டு, வாந்தி, தலைசுற்றல் என்று வந்தவர்களை ஜன்னலில் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். மலிவாக வாங்கினாலும் இதேதான், விலை கொடுத்து வாங்கினாலும் இதேதான். வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்று. எத்தனை வாரம் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரும்புச் சத்துக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஹெட்மாஸ்டர் சாப்பிட்டுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கடையில் டானிக் வாங்கினால், ஒரு மூடிக்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று பார்த்துவிட்டு அந்தச் சிவப்பு மாத்திரையோடு ஒப்பிடுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள். டீயோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான்.

பிள்ளைகளுக்கான சொட்டு மருந்தைப் பற்றிய தாள் கையிலேயே இருக்கிறது. ஒரு விரல்தான் மிச்சம். மக்கள் மருந்தகம் பக்கத்தில் இல்லாதவர்கள் தமிழக அரசின் முதல்வர் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடத்தில் திறந்தார்கள். அந்தக் காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள், பெயரைச் சொல்லிக் கேட்காமல் பின்பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். வணக்கம்.