எடை எந்தக் காலில்?

வணக்கம் நேயர்களே. ஸ்விங், ராக் அண்ட் ரோல் என்று இரண்டு பேர் கைகோத்து ஆடும் அந்தக் காலத்து நடனங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். புதிதாகக் கற்க வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் பேசப்போகிறேன். முதல் சில மாதங்களிலேயே "இது நமக்கு வராது" என்று நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர்களிடம் இல்லாதது ஒரே ஒரு சின்ன விஷயம்தான்.

முதல் வகுப்பில் பெரும்பாலும் ஆறு எண்ணிக்கை அடவைத்தான் சொல்லித்தருவார்கள். ஒரு டிரிபிள் ஸ்டெப், இன்னொரு டிரிபிள் ஸ்டெப், கடைசியில் பின்னால் ஒரு கால் வைத்துத் திரும்ப முன்னால் வரும் ராக் ஸ்டெப். டிரிபிள் என்றால் தாளத்தின் இரண்டு தட்டுக்குள் மூன்று அடி. லீடர், அதாவது ஜோடியில் ஆட்டத்தை நடத்துகிறவர், இடது காலில் தொடங்கினால் இடது, வலது, இடது. எதிரில் இருப்பவருக்கு இதுவே கண்ணாடி மாதிரி வலது, இடது, வலது.

நான் சொன்ன சின்ன விஷயம் இங்கேதான் வருகிறது. அடி வைப்பது என்றால் உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலுக்குப் போய்ச் சேர வேண்டும். புதியவர்கள் பலர் காலைத் தரையில் தொட்டுவிட்டு எடையைப் பழைய காலிலேயே வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் அடுத்த அடிக்கு எந்தக் கால் என்று தெரியாமல் ஒரு நொடி தடுமாறி, அதைச் சமாளிக்க எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம். அடி வைத்ததும் மற்ற காலைச் சட்டென்று தூக்க முடிகிறதா பாருங்கள், முடிந்தால் எடை மாறிவிட்டது. மூன்று அடி என்பது ஒற்றைப்படை, அதனால் எந்தக் காலில் தொடங்கினீர்களோ அதே காலில் முடிப்பீர்கள், மற்றது தானாகக் காலியாக நிற்கும். இது புரிந்த அன்றைக்கு அடவை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே பாதி போய்விடும்.

சரி, தாளம். அந்த மூன்று அடியும் ஒரே நீளம் கிடையாது. ஸ்விங் இசையே ஒவ்வொரு தட்டையும் சமமாகப் பிளக்காமல் முதல் பகுதியை நீட்டி அடுத்ததைக் குறுக்குகிறது. எனக்கு இது விளங்கியது நம் இலக்கணத்தை வைத்துத்தான்: நெடில், குறில், நெடில். தா-த-தா. வாயால் சொல்லிக்கொண்டே ஆடுங்கள், கால் தானாக வரும். பாட்டு வேகமாகிவிட்டால் மூன்றையும் திணிக்க வேண்டாம், ஒரு டிரிபிளுக்குப் பதில் ஒரே அடி போதும், வேகமான ராக் அண்ட் ரோல் பாட்டுக்குப் பலரும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் ஆறு எண்ணுகிறோம், பாட்டோ எட்டு எட்டாக ஓடுகிறது, அதனால் இரண்டாவது சுற்றிலேயே எங்கோ தவறிவிட்டோம் என்று தோன்றும். எதுவும் தவறவில்லை. நான்கு ஆறு 24, மூன்று எட்டும் 24, நான்கு சுற்று ஆடினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தைக் காதால் பிடிக்கப் பழகுவது அவ்வளவு சந்தோஷமான பயிற்சி.

எட்டு எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து ஆடும் நடனமும் இருக்கிறது, அதுதான் லிண்டி ஹாப். நியூயார்க்கின் ஹார்லெமில் 1920களின் கடைசியில் கறுப்பின மக்கள் உருவாக்கியது. 1926இல் அங்கே சவாய் பால்ரூம் திறந்தது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய இடம், அந்தக் கால அமெரிக்காவில் அது சாதாரணம் இல்லை. ஃப்ராங்கி மேனிங், நார்மா மில்லர் போன்ற நடனக் கலைஞர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். ராக் அண்ட் ரோல் 1950களில் பரவியபோது இளைஞர்கள் அதற்கு ஆடியதும் இந்த வேரிலிருந்து கிளைத்த அடவுகளைத்தான். மேனிங் பிறகு பல வருடம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தார், 1980களில் இளைஞர்கள் தேடி வந்து கேட்டபோது எழுபது வயதைத் தாண்டி மறுபடி சொல்லித்தரத் தொடங்கி, 2009இல் இறக்கும் வரை இந்த நடனத்தோடுதான் இருந்தார். கற்றுக்கொள்கிறவர்கள் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வது மரியாதை என்று நினைக்கிறேன்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல்களைக் கொக்கி மாதிரி தளர்வாகக் கோத்தால் போதும், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் எதிரில் இருப்பவர் சுழலும்போது மணிக்கட்டு வலிக்கும். கை செய்தியைக் கொண்டுபோகிற கயிறு மட்டும்தான், செய்தி உடம்பு நகர்வதிலிருந்து வர வேண்டும். லீடர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் கற்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள், கூச்சமாக இருந்தாலும் மாறுங்கள். ஒரே ஆளோடு ஆடினால் இருவரின் தவறும் ஒன்றுக்கொன்று பழகிப்போய் வெளியே தெரியாமலே இருந்துவிடும். வேண்டாம் என்று சொல்லவும் இங்கே எல்லோருக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது.

செருப்பு, உடை பற்றி நிறையக் கேட்கிறார்கள். உடை உங்கள் இஷ்டம். காலணி மட்டும் கவனம், தரையைக் கவ்வும் ரப்பர் அடிப்பாகத்தோடு சுழன்றால் பாதம் நின்றுவிடும், முட்டி திரும்பும். நான் அப்படி ஆடி மூன்று வாரம் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தேன். தோல் அடிப்பாகம் நல்லது.

இந்த உரை முடிந்ததும் ஏதாவது ஒரு பாட்டு வரும். ஸ்விங்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து நின்று, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, தட்டுக்கு ஒரு தடவை எடையை இடதுக்கும் வலதுக்கும் மாற்றுங்கள், பாட்டு முடியும் வரை வேறு எதுவும் செய்ய வேண்டாம். முதல் வகுப்புக்குப் போகும்போது அந்த ஒன்று உங்களிடம் இருந்தால் போதும்.