கடைக்காரர் வெட்டிய கடைசிப் பாட்டு

வணக்கம். கச்சான் காற்று மைக்கை அறைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் குந்துகாலில் உட்கார்ந்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-இல் கரையில் கட்டிப்போட்ட விசைப்படகுகள் 61 நாள் முடியும்வரை அசையாது. எனக்கும் வேலை இல்லை. ஆகவே ராக் இசை பேசலாம்: எனக்கு மிகப் பிடித்த ஆல்பம் எது, புதிதாகப் பிடித்த குழு எது என்று.

எனக்குப் பிடித்த ஆல்பம் பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதன் கடைசிப் பாட்டைப் பத்து வருடம் நான் கேட்டதே இல்லை! பள்ளி நாட்களில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கேசட்டில் பதிவு செய்து வாங்கினேன். கடைக்காரர், "ரொம்ப இழுக்கிறது தம்பி" என்று கடைசிப் பாட்டை வெட்டிவிட்டு, மிச்ச நாடாவில் யாருடைய டிஸ்கோவையோ நிரப்பிக் கொடுத்தார். ஆல்பமே அப்படித்தான் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்'. குரல் வரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதலில் மூட்டம் போல ஒலி. பிறகு கிட்டாரில் நான்கே சுரம். இடைவெளி. மறுபடி அதே நான்கு. வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பா, "இன்னுமா சுருதி சேர்க்கிறார்கள்?" என்பார்.

அந்தப் பாட்டை இரண்டாக்கி, ஆல்பத்தின் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கு வால் கிடைக்கவில்லை. பிறகு குறுந்தகடு வாங்கி, படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டு திரும்பி வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட்டை நினைத்துச் செய்தது அது. 1968-இல் பிரிந்துபோனவர், இந்த ஆல்பத்தின் வேலை நடந்தபோது ஸ்டுடியோவுக்கே வந்து நின்றிருக்கிறார். தலையும் புருவமும் மழித்து, உடல் பெருத்து. கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

சரி, புதிதாகப் பிடித்த குழு? டினாரிவென். மாலி நாட்டின் துவாரெக் மக்கள், சகாராக்காரர்கள். குழு புதிதல்ல, எனக்குத்தான் புதிது. 2007-இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'அமன் இமன்'. தண்ணீரே உயிர் என்று பொருள். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்துக்காரன் எப்படிக் கேட்காமல் இருப்பேன்? குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோதுதான் முதலில் கேட்டேன். கிட்டார் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, கூடவே கைதட்டல். ஒட்டக நடை என்கிறார்கள். எனக்குத் துடுப்பு வலிப்பது போலத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். குரல் சீக்கிரமே வந்துவிட்டது. "இவர்கள் தொழில் தெரிந்தவர்கள்" என்றார்.