கண்ணோரத்து மச்சம் மாறினால்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணோரத்தில் பல வருடங்களாக இருக்கும் மச்சம் திடீரென்று பெரிதாவது போலத் தோன்றும், அல்லது கறுப்பு கூடியிருக்கும். இப்படி மாறுபவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவைதான். ஆனால் ஆபத்தில்லாதது எது என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று நாமே முடிவு செய்ய முடியாது.

மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லை, ஓரம் பிசிறாக இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் தெரிகிறது, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது, மாறிக்கொண்டே வருகிறது. உடம்பில் எங்கே மச்சம் இருந்தாலும் இவற்றைக் கவனிக்கச் சொல்வோம். இமையில் மட்டும் அந்த 6 மில்லிமீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். இடம் சின்னது, அகற்ற வேண்டிவந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

இமையில் முதலில் பார்க்க வேண்டியது முடியை. மச்சம் உள்ள இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்து இடைவெளி விட்டிருக்கிறதா? சாதாரண மச்சத்தின் ஊடாகவே முடி முளைத்திருப்பதுண்டு. புற்றுக்கட்டி முடியின் வேரை அரித்துவிடும். இமையில் பரவலாக வரும் புற்று ஒன்று, பெரும்பாலும் கீழ் இமையிலோ மூக்கை ஒட்டிய உள்மூலையிலோ தொடங்கும். ஓரம் முத்துப்போல் பளபளக்கும், நடுவில் சிறு குழி விழும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். கறுத்த தோலில் இதுவே கறுப்பாக இருப்பதால் மச்சம் என்றே நினைத்துவிடுகிறோம். இது உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது அரிது. ஆனால் விட்டுவைத்தால் கண்குழிக்குள் இறங்கும்.

கண்கட்டி போல வேஷம் போடுகிற இன்னொன்று உண்டு. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று அது. கட்டியைக் கீறி எடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், மறுமுறை வெறுமனே கீறிவிட்டு அனுப்பாமல் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இமையில் என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். இமை அறுவையில் தேர்ந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இமையை விட்டுத் தள்ளி இருந்தால் தோல் மருத்துவர் போதும். மையும் மேக்கப்பும் இல்லாமல் போங்கள். முகம் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். மாற்றத்துக்கு அதைவிடச் சாட்சி இல்லை. புதிதாக எடுப்பதானால் ஃப்ளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்து எடுங்கள். படம் சேர்க்கிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் அழுத்தத்துக்கான சில சொட்டு மருந்துகள் கண்ணைச் சுற்றிய தோலைக் கறுக்க வைக்கும், அதையும் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் பயாப்சி. மரத்துப்போக ஊசி போடும்போது சில விநாடி சுருக்கென்று எரியும். அதன்பின் வலி தெரியாது. சிறு துண்டை எடுத்து ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். பயாப்சி செய்தால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் தள்ளிப்போடுவதுதான் உண்மையான கெடுதல்.

அழகு நிலையத்தில் லேசரால் சுட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. மேலே தெரிவது போய்விடும், அடியில் இருப்பது வளரும், பரிசோதிக்கத் துண்டும் மிஞ்சாது. மரு உதிர்க்கும் அமிலத் திரவங்கள் அதைவிட மோசம். தழும்பு சுருங்கிக் கீழ் இமையை வெளிப்புறமாக இழுத்துவிடும். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குள் தெறித்துவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

யார் அகற்றினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடுத்தது லேபுக்குப் போகிறதா? புற்று என்றால், வெட்டிய ஓரங்களில் மிச்சம் இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறதா? மிச்சம் இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும்.

தானாக ரத்தம் கசிவது, மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத புண், இரட்டையாகத் தெரியும் பார்வை, காதுக்கு முன்னால் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.