எந்தத் தொப்பை?

பினாங்கு நேயர்களுக்கு வணக்கம்.

என் அறைக்கு வருகிறவர்களில் பலர் உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுகிறார்கள். "டாக்டர், இந்தத் தொப்பைக்கு எவ்வளவு ஆகும்?" எந்தத் தொப்பை என்று பார்க்காமல் நான் எதைச் சொல்வது?

நின்றபடி தொப்புளுக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். தடிப்பாகக் கையில் சிக்கினால் அது தோலடிக் கொழுப்பு. மெல்லிய மடிப்பாக வந்தால் தளர்ந்த தோல். எதுவுமே பிடிபடாமல் வயிறு பானைபோல் இறுகி நின்றால், கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. நம் ஆண்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதை எடுக்க என்னிடம் கத்தியும் இல்லை, கருவியும் இல்லை. நடக்க வேண்டும், நள்ளிரவு நாசி கண்டாரை விட வேண்டும்.

தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் மிகுந்தவர்களுக்கு லைபோசக்‌ஷன் பொருந்தும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். உடல் எடையைக் குறைக்கும் வழி அதுவல்ல. ஒரே தடவையில் 5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும். கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சையில் வெட்டு இல்லை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், பலனும் மிதமானதே. அரிதாகச் சிலருக்கு அந்த இடம் குறையாமல் தடித்துப் பெருத்துவிடுவதும் உண்டு. தொங்கும் தோலை இந்த இரண்டும் தூக்காது.

பிள்ளை பெற்ற வயிற்றின் கதை வேறு. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்குங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு எழுந்தால், தசைகள் இரண்டு பக்கமும் விலகியிருக்கின்றன. பாட்டிமார் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டது இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். நீண்டுபோன தோலைச் சுருக்காது. இயன்முறைப் பயிற்சியில் சிலருக்குத் தசை தேறும். தேறாமல், தோலும் தொங்கினால் டம்மி டக் அறுவைதான். இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடிவயிற்றில் வெட்டி, தோலைத் தூக்கி, தசைகளை நடுவில் சேர்த்துத் தைப்போம். மிகுந்த தோலை நீக்கியபின், மீந்த தோலில் புதுத் துளையிட்டுத் தொப்புளை வெளியே எடுப்போம். முதல் சில நாள் கூனித்தான் நடக்க வேண்டும். தழும்பு நிரந்தரம், நம் நிறத்தவருக்கு அது தடிக்கவும் கூடும். விளம்பரப் படங்களில் அதை உள்ளாடை மறைத்துவிடுகிறது! புகைபிடிப்பவர்களுக்குத் தோலின் விளிம்பு கருகி அழுகலாம் என்பதால், சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம். இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது.

அழகு நிலையத்தில் யாராவது ஊசியையோ குழாயையோ எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அறுவை செய்பவரின் பெயர் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலையின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறும் வேண்டுதல் இருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.