சகேயு திருப்பிக் கொடுத்த பணம்

(கொழும்பு கொட்டாஞ்சேனையில், வியாபாரிகளும் கடை ஊழியர்களும் வந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருடைய முகம் மாறுகிறது. "கிருபையால்தானே இரட்சிப்பு, அப்புறம் எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று பவுல் எபேசியருக்குப் பச்சையாகவே எழுதிவிட்டார், அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற நான் வரவில்லை. ஆனால் நம்மில் பலர் அந்த இரண்டாம் அதிகாரத்தின் எட்டாம், ஒன்பதாம் வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டு, பத்தாம் வசனம் வருவதற்குள் வேதாகமத்தை மூடிவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்யத்தான் நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேதான் இருக்கிறது.

விசுவாசம் இல்லாத கீழ்ப்படிதல் எப்படியிருக்கும் என்று பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே வுல்வெண்டால் கோயில் நிற்கிறது, ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்தது. அவர்களுடைய ஆட்சியில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும், ஆகவே சனங்கள் எடுத்தார்கள், பதிவேடுகள் நிரம்பின. 1796இல் பிரிட்டிஷார் கொழும்பைப் பிடித்தார்கள், கட்டாயம் போயிற்று, அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியும் கலைந்து போயிற்று. பிழைப்புக்காகத் தலையைக் குனிந்த அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். குனிய வைத்தவர்கள்தான் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இன்று நம்மிடம் இருக்கிற கோளாறு அதற்கு நேர் எதிரானது. விசுவாசம் இருக்கிறது என்கிறோம், கீழ்ப்படிதலைக் காணோம்.

லூக்கா 19ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சகேயு வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், ஊரை வயிறெரிய வைத்துச் சம்பாதித்தவன். இயேசுவைப் பார்க்க அவன் மரத்தில் ஏறியிருக்கிறான். இயேசு மரத்தடியில் நின்று, "நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை, பாருங்கள். அழைப்பு முதலில் வந்துவிட்டது. அதுதான் கிருபை. அதற்குப் பிறகு அந்த மனுஷன் எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். குற்றத்தைத் தானாக ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் எண்ணாகமம் சொல்கிறது. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமத்தில் சொன்ன தண்டனை. யாரும் பிடித்து நிறுத்தாமலே தன்னை அந்தத் திருடன் இடத்தில் வைத்துக்கொள்கிறான் சகேயு. பயந்து கீழ்ப்படிகிறவன் சட்டம் கேட்ட அளவோடு நிறுத்திக்கொள்வான், இவன் நிறுத்தவில்லை.

இப்போது நம் கடைகளுக்கு வருகிறேன், முதலாளிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. மலையகத்திலிருந்து வந்து உங்களிடம் நிற்கிற பையனுக்கு மாதம் 50,000 ரூபாய் என்றால், ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு என்று 8 வீதம், அதாவது 4,000 ரூபாயை அவன் சம்பளத்தில் கழிக்கிறீர்கள். நீங்கள் 12 வீதம், 6,000 ரூபாய் போட்டு, மொத்தம் 10,000 அவன் பெயரில் கட்ட வேண்டும். கழிப்பது மட்டும் ஒழுங்காய் நடந்து, கட்டுவது நடக்காத கடைகள் இருக்கின்றன, அவற்றில் சில விசுவாசிகளுடைய கடைகள். மாதம் தவறாமல் தசமபாகம் கொடுக்கிறோமே என்பார்கள். சவுல் ராஜாவும் இப்படித்தான் சொன்னான், எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் சொல்லியிருந்தும் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றான். "பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொன்னது அந்தச் சாக்குக்குத்தான்.

அப்படியானால் இயேசுவோடு சிலுவையில் தொங்கி, பரதீசின் வாக்கைப் பெற்ற கள்ளன் எதற்குக் கீழ்ப்படிந்தான் என்று எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார். ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, கையும் காலும் ஆணியில். அவனிடம் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதைக்கொண்டு, இயேசுவை இகழ்ந்தவனைக் கண்டித்தான், "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று ஒத்துக்கொண்டான், ஆண்டவரிடம் தன்னை ஒப்புக்கொடுத்தான். வேறு என்ன செய்ய முடியும் அவனால்? நமக்கோ கையும் காலும் நன்றாகவே இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீழ்ப்படிதல் என்றால் பாஸ்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சிலர் பழக்கி வைத்திருக்கிறார்கள், யாரைக் கட்டுவது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதுவரை. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று யூதருடைய ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே பேதுரு சொன்னார். ஊழியக்காரரின் சொல்லையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், என் சொல்லையும்தான்.

பல வருஷப் பாக்கி இருக்கிறது, கடையை விற்றாலும் முடியாது, எனக்கு இரட்சிப்பு இல்லையா என்று பயப்படுகிறவர்கள் இங்கே இருக்கலாம். சகேயு கொடுத்து முடித்த பிறகு அல்ல, அப்படிச் சொன்ன அந்த நேரத்திலேயே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் ஆண்டவர். ஆகவே பயத்தை விடுங்கள், ஆனால் தொடங்குங்கள். இந்த மாதப் பணத்தை இந்த மாதமே கட்டுங்கள், பழைய பாக்கிக்குத் தொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பேசுங்கள், பையன்களைக் கூப்பிட்டு யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். வேலையை விட்டு ஹட்டனுக்கும் பதுளைக்கும் போய்விட்டவர்களுடைய போன் நம்பரும் உங்களிடம் இருக்கும்தானே, அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.